கையொப்பமிடாத ஒப்பந்தம்: ராமநாதன் கிருஷ்ணனும் அமெச்சூர் யுகத்தின் இறுதியும்

ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளோடு நின்றுவிடுகிறது. அவர் ஆடிய காலத்தில் டென்னிஸ் உலகம் அமெச்சூர், தொழில்முறை என இரண்டாகப் பிளந்து கிடந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. அவர் பெற்றதையும் இழந்ததையும் இந்தப் பிளவை வைத்தே எடைபோட வேண்டும்.

1937-இல் நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணனுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் தந்தை டி. கே. ராமநாதன். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று, அப்பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார். கூப்பரின் பிற்கால வாழ்வு இங்கே முக்கியமானது. 1958-இல் விம்பிள்டன் பட்டம் வென்ற அவர், அடுத்த ஆண்டே ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அதே 1959-இல் கிருஷ்ணனையும் கிரேமர் அழைத்தார்: மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர். அன்றைய சாதாரண இந்தியக் குடும்பத்துக்கு அது கனவிலும் எட்டாத தொகை. டேவிஸ் கோப்பையில் ராட் லேவரை வீழ்த்தியது அந்த ஆண்டில்தான்; வயது 22. கையொப்பமிட்டிருந்தால் இந்தியாவுக்காக ஆடும் வாய்ப்பு அன்றோடு முடிந்திருக்கும். அவர் மறுத்துவிட்டார்.

1960 அரையிறுதியில் நீல் ஃப்ரேசரிடமும், 1961 அரையிறுதியில் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். கோன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் தொழில்முறைக்குப் போய்விட்டதால் அன்றைய விம்பிள்டன் மெலிந்திருந்தது என்பது உண்மையே. ஆனால் அதைச் சொல்லிக் கிருஷ்ணனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. 1961 காலிறுதியில் அவர் 6–1, 6–4, 6–4 என நேர் செட்களில் வென்றது ராய் எமர்சனை. வேகமான சர்வீஸ் அவரிடம் இல்லை. பந்தை எங்கே இறக்குவது என்ற கணக்கும் மணிக்கட்டின் மென்மையுமே அவருடைய பலம். பலத்த சர்வீஸ் போட்டு வலையை நோக்கிப் பாய்வதே வழக்கமாக இருந்த புல்தரையில் அந்த நுட்பம் செல்லுபடியானதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். 1962-இல் நான்காம் தரநிலை கிடைத்தும், கணுக்கால் காயத்தால் விலக நேர்ந்தது.

மறுத்த ஒப்பந்தத்தின் பலன் 1966-இல் தெரிந்தது. கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிரான மோதல் 2–2 என நிற்க, கடைசி ஆட்டத்தில் தாமஸ் காச் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை பெற்று, நான்காவது செட்டிலும் 5–2 என்று போய்விட்டார். அங்கிருந்து கிருஷ்ணன் 7–5, 6–2 என மீண்டார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என வென்றது; இந்தியாவின் அந்த ஒரே வெற்றி, நியூகோம்–ரோச் இணைக்கு எதிராகக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் பெற்றது.

1968-இல் தடை நீங்கி, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் விம்பிள்டன் திறந்தது. 1962 முடிவில் தொழில்முறைக்குப் போயிருந்த லேவர் திரும்பிவந்து பட்டத்தை வென்றார். கிருஷ்ணனுக்கு அப்போது 31 வயது. புதிய ஏற்பாட்டின் வரவு அவருக்குப் பிந்திப்போயிற்று. அதை முழுதாகப் பெற்றவர் மகன் ரமேஷ். 1979-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்று தொழில்முறை ஆட்டக்காரரான அவர், 1987-இல் சிட்னியில் வாலி மசூரை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.