கல்நார்த் தூசியும் தொழிலாளர் சட்டமும்

தீயில் இட்டாலும் எரியாத துணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாறையிலிருந்து நாரைப் பிரித்து, பஞ்சைப்போல் நூற்று நெய்த துணி அது. கல்லில் கிடைக்கும் நார் என்பதால் தமிழில் இதைக் கல்நார் என்கிறோம். ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயர், 'அணைக்க முடியாதது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்களில் பல வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் கூரையாக உள்ள சிமெண்டு அட்டைகளிலும் இந்த நார் கலந்திருக்கிறது.

நீராவி எந்திரங்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், கொதிகலன்களையும் குழாய்களையும் வெப்பம் வீணாகாதபடி போர்த்த கல்நார் பெரிதும் தேவைப்பட்டது. கனடாவிலும் ரஷ்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சுரங்கங்கள் வெட்டப்பட்டன. இங்கிலாந்தின் ராச்டேல் போன்ற நூற்பாலை நகரங்களில் கல்நார் ஆலைகள் எழுந்தன.

முதல் எச்சரிக்கைகள்

1898-ஆம் ஆண்டிலேயே லூசி டீன் என்ற பெண் தொழிற்சாலை ஆய்வாளர், கல்நார்த் தூசி கண்ணாடித் துகள்போல் கூர்மையானது, உடலுக்குத் தீங்கானது என்று பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளித்தார். அடுத்த ஆண்டு லண்டனில் டாக்டர் மாண்டேகு மரேயிடம் 33 வயதுத் தொழிலாளி ஒருவர் மூச்சுத்திணறலுடன் வந்தார். ஆலையின் கார்டிங் பகுதியில் தம்முடன் வேலை பார்த்த பத்துப் பேரில் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அவர் கூறினார். 1900-இல் அவரும் இறந்தார். மரே இதை 1906-இல் அரசுக் குழு ஒன்றின்முன் எடுத்துரைத்தார். எனினும் சட்டம் அசையவில்லை.

1924-இல் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி, 33 வயதில் நுரையீரல் இறுகி மாண்டார். அவருடைய மருத்துவச் சான்றிதழில் கல்நாரால் வந்த நோய் என்று எழுதியிருந்தது. அது தொழிலால் வந்த நோய் என்பதால் நோய்க்கால உதவித்தொகை மறுக்கப்பட்டது. சட்டத்தின் பட்டியலில் அந்நோய் இல்லை என்பதால் ஆலை நிர்வாகமும் இழப்பீட்டை மறுத்தது. அவர் நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், 1927-இல் அந்நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரிட்டார்.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறது? கல்நார் இழை நெடுக்குவாட்டில் பிளந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் மூச்சுடன் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கின்றன. அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்கும் நம் உடலின் செல்கள், நீண்ட இழைகளை முழுமையாக விழுங்க முடியாமல் தோற்கின்றன. அவ்விடங்களில் தழும்பு உண்டாகி நுரையீரல் இறுகுகிறது. தூசியைச் சுவாசித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் வெளிப்படும்.

1931-ஆம் ஆண்டுச் சட்டம்

டாக்டர் மெரிவெதர் என்ற அரசு மருத்துவ ஆய்வாளர் 363 கல்நார்த் தொழிலாளர்களைப் பரிசோதித்தார். 95 பேருக்கு நோய் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களில் ஐந்தில் நால்வர் நோயாளிகள். 1930-இல் வெளியான இந்த அறிக்கையின் பயனாக 1931-இல் விதிகள் பிறந்தன. எந்திரங்கள் கிளப்பும் தூசியை உறிஞ்சி அகற்ற வேண்டும். தொழிலாளர்க்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். நோயுற்றவர்க்கு இழப்பீடு வேண்டும் என்றாயிற்று.

இது பெரிய வெற்றியே. ஆனால் இவ்விதிகள் பெரும்பாலும் கல்நார் ஆலைகளின் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டன. கப்பலிலும் கட்டடத்திலும் குழாய்களுக்குக் கல்நார் போர்த்தியவர்களில் மிகப் பலர் இதன் பயனைப் பெறவில்லை. விதிகளை விரிவாக்கும் சட்டம் பிரிட்டனில் 1969-இல்தான் இயற்றப்பட்டது. இதற்கிடையே 1955-இல் ரிச்சர்டு டால், கல்நார்த் தூசியில் நெடுநாள் உழைத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் பன்மடங்கு மிகுதி என்று காட்டினார்.

சுரங்கத்தின் அருகில்

தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் பகுதியில் நீலக் கல்நார் வெட்டப்பட்டது. பாறையைச் சுத்தியலால் தட்டி நாரைப் பிரிக்கும் வேலையைப் பெண்களும் சிறுவர்களும்கூடச் செய்தனர். அங்கிருந்து வந்த நோயாளிகள் சிலர், காசநோய் மருந்துக்குக் குணமாகாததை கிம்பர்லி மருத்துவமனையில் கவனித்தார்கள். ஆராய்ந்தபோது, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் அது எனத் தெரிந்தது. 1960-இல் வாக்னரும் அவர் தோழர்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களே அல்லர். சிறு வயதில் சுரங்கத்தின் அருகில் வாழ்ந்தவர்கள். ஆலைச் சுவருக்குள் நின்ற சட்டத்தால் இவர்களை எப்படிக் காப்பாற்ற முடியும்?

பிரிட்டன் 1999-இலும் தென்னாப்பிரிக்கா 2008-இலும் கல்நாரை முற்றிலும் தடை செய்தன. இந்தியாவில் 1986-இல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் வெள்ளைக் கல்நார் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. தொழிலாளியின் உடல்நலம் அவரது அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மெல்ல வரும் நோய்க்கு ஏற்ற நெடிய கணக்கு இது.

ஆனால் பதிவேட்டில் பெயர் இருப்பவர் ஆலைத் தொழிலாளி மட்டுமே. பழைய கூரை அட்டையை ரம்பத்தால் அறுக்கும் கொத்தனாரின் பெயரும், உடைந்த துண்டுகளை உலர்ந்தபடியே கூட்டிப் பெருக்கும் சித்தாளின் பெயரும் எந்தப் பதிவேட்டில் இருக்கின்றன? அவர்களையும் எண்ணத் தொடங்கும்வரை 1931-இன் சுவர் இடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.