சுவார்ட்ஸ் ஐயரும் தஞ்சை இளவரசரும்

நம் பங்குப் பள்ளி ஆசிரியை ஒருவர் அண்மையில் மனம் நொந்து கேட்டார்: "சாமி, வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் கேளாத பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பித்து நாங்கள் கண்ட பலன் என்ன?" அவருக்கு நான் சொன்ன வரலாற்றையே இம்மலரிலும் எழுதுகிறேன்.

சுவார்ட்ஸ் ஐயர் 1726-இல் ஜெர்மனியில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். லுத்தரன் சபையார். ஆயினும் நல்லாசிரியர் எவரும் நமக்கு அந்நியரல்லர். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழியன்று. தமிழைப் போலவே அதையும் முயன்று கற்றார். மாணவன் எவ்விடத்தில் இடறுவான் என்பதை இத்தகையோரே நன்கறிவர்.

1785-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் அவர் முயற்சியால் தோன்றின. கும்பெனியாரும் பணம் கொடுத்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தவர்கள் எழுத்தர்களும் துபாஷிகளுமே. அதில் ஒளிவு மறைவில்லை.

1787-இல் துளஜா மன்னர் இறக்குந் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியை ஐயரிடம் ஒப்படைத்தார். அரியணை ஏறிய அமர்சிங்கோ சிறுவனைக் கல்வியின்றி அடைத்து வைத்தார். ஐயர் சென்னை ஆளுநர் வரை முறையிட்டார். 1793-இல் சரபோஜி சென்னை சேர்ந்து, அங்கே கெரிக்கே ஐயரிடம் பயின்றார். 1798 பிப்ரவரியில் சுவார்ட்ஸ் ஐயர் காலமானார். அவ்வாண்டிலேயே சரபோஜி மன்னரானார். தம் மாணவர் அரியணையில் அமர்ந்ததைக் காண ஆசிரியருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மன்னர் தம் சமயத்தை விடவில்லை. ஐயர் உள்ளூர அதை விரும்பியிருப்பார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விதைத்த ஆங்கிலம் வேறு வயலில் விளைந்தது. மேனாட்டு நூல்கள் ஆயிரக்கணக்கில் சரசுவதி மகாலுக்கு வந்து சேர்ந்தன. மன்னரின் மருத்துவ நிலையத்துக் கண் நோயாளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகள், கண்களின் வண்ணப் படங்களோடு இன்றும் அங்குள்ளன. ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய சத்திரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் கல்வியும் இலவசமாகக் கிடைத்தன.

தஞ்சைக்குச் செல்வோர், சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஆலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். மரணப் படுக்கையிலுள்ள முதியவரின் கரத்தை இளம் மன்னர் பற்றி நிற்கிறார். இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு மன்னரே அதைச் செய்வித்தார். ஐயரின் கல்லறைக்கு ஒரு செய்யுளும் இயற்றினார். மராத்தி பேசும் மன்னர், ஜெர்மானிய ஆசிரியருக்காக, ஆங்கிலத்தில் எழுதிய செய்யுள் அது. அதைத் திருத்திக் கொடுக்க ஆசிரியர்தாம் இல்லை.