பாதித் தூரம்

நம் பழைய மாணவிகள் சங்கம் இளமையாயிருந்த காலத்தில், 1927இல், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பெண்கள் முதன்முறையாகப் படகோட்டத்தில் மோதினர். இரு படகுகளும் ஒன்றாக ஆற்றில் இறங்கவில்லை. வேகத்துடன் நளினத்துக்கும் புள்ளியிட்டனர்.

ஐரோப்பியச் சம்பியன் போட்டி 1954இலும், உலகச் சம்பியன் போட்டி 1974இலும், ஒலிம்பிக் 1976இலும் பெண்களுக்குத் திறந்தன. ஆனால் ஆண்கள் 2000 மீற்றர் துடுப்பு வலிக்க, பெண்களுக்கு 1000 மீற்றரே விதிக்கப்பட்டது. பெண்ணுடல் அதற்குமேல் தாங்காது என்பது அக்கால எண்ணம். உலகப் போட்டியில் 1985இலும், ஒலிம்பிக்கில் 1988இலுமே தூரம் சமமாயிற்று.

மருத்துவத் துறையில் இருக்கும் நாம் அறிவோம்: குறுந்தூரத்தில் தசைவேகம் முந்தும், ஏழு நிமிடமளவு நீளும் 2000 மீற்றரிலோ இதயமும் நுரையீரலும் தரும் ஒட்சிசனே பெரிதும் கைகொடுக்கும். பாதித் தூரம் பெண்களைக் காக்கவில்லை. அவர்களின் தாங்குதிறனை மறைத்தது.

ருமேனியாவின் எலிசபெத்தா லிப்பா இதற்குச் சாட்சி. 1984இல் 1000 மீற்றரில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தூரம் இரட்டித்தபின் மேலும் நான்கு தங்கங்கள் பெற்றார். இறுதியானது 2004இல், 39 வயதில். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா ஏழு படகோட்டப் போட்டிகள் நடந்தன.

“பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்” என்பதை நாமும் கேட்டே வளர்ந்தோம். நம் மகள்மாரிடம் அதைச் சொல்லாதிருப்போம்.