டேப்பட்: ஓசையில் பிறந்த சொல்

பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்: "அண்ணே, டேப்பட் அடிக்குது, கொஞ்சம் பாருங்க." இங்கே டேப்பட் என்பது ஓர் ஓசை. அதே பட்டறையில் "டேப்பட் தேஞ்சு போச்சு" என்றால் அது ஓர் உதிரிப் பாகம். "டேப்பட் டைட்டா இருக்கு" என்றால் ஓர் இடைவெளியின் அளவு. மூன்று பொருளையும் ஒரே சொல் சுமக்கிறது. பேசுகிறவர்களுக்குள் குழப்பமும் வருவதில்லை. ஆனால் இந்தச் சொல் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், "கம்ப்ரஷன் போச்சு" என்று எஞ்சினைப் பிரித்துப் போடும் வேலைகளில் பல ஏன் தேவையற்றவை என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் ‘டேப்’ என்றால் மெல்லத் தட்டுவது. அந்த வினையோடு ‘எட்’ என்ற விகுதி சேர்ந்து, தட்டுகிற பொருளுக்குப் பெயராயிற்று என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. நம் ‘தட்டு’வும் அந்த ‘டேப்’பும் ஒலியில் நெருங்கி நிற்பதைப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்ல ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. கதவைத் தட்டும் ஒலியை எந்த மொழியும் தன் வாயாலேயே போலச்செய்யும். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது.

டேப்பட் என்ற சொல் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாமஸ் நியூகோமன் 1712-இல் இங்கிலாந்தில் நிறுவிய நீராவி எஞ்சின், சுரங்கத்து நீரை இறைக்க வந்தது. அந்த வகை எஞ்சின்களில், மேலும் கீழும் ஆடும் பெரிய உத்தரத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு தொங்கும். தண்டில் முளைகள் இருக்கும். தண்டு ஏறி இறங்கும்போது அந்த முளைகள் வால்வுகளின் கைப்பிடிகளைத் தட்டித் திறக்கும், தட்டி மூடும். தட்டிய முளைதான் டேப்பட். ஆள் நின்று வால்வைத் திருப்ப வேண்டிய வேலையை எஞ்சினே தனக்குத் தானே செய்துகொண்டது இதனால்தான்.

அங்கிருந்து சொல் தறிக்கும் போயிற்று. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தறியில் டேப்பட் என்பது சுழலும் தண்டில் பொருத்திய, வட்டம் பிசகிய சக்கரம். அது மிதியை அழுத்தி விழுதுகளை ஏற்றி இறக்கும். பாவு பிரிந்து நாடாவுக்கு வழி கிடைக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினிலோ, வட்டம் பிசகிய பாகத்துக்கு கேம் என்று பெயர். அந்தக் கேம் தள்ளிவிடும் குட்டித் தண்டுக்குத்தான் டேப்பட் என்று பெயர். தறியில் தள்ளுவது டேப்பட், எஞ்சினில் தள்ளப்படுவது டேப்பட். ஆனாலும் ஓர் ஒற்றுமை என்னை விடாமல் ஈர்க்கிறது. சாதா நெசவில் மேல் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் டேப்பட் தண்டு ஒரு சுற்று சுற்றும். நான்கு வீச்சு எஞ்சினிலும் கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்றுதான்.

புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபின் திருவொற்றியூர் வண்டியானது. 346 சிசி, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் கிட்டத்தட்ட அப்படியே அரை நூற்றாண்டு நீடித்ததால், அதன் பாகங்களின் பெயர்களும் நம் பேச்சில் ஊறிப்போயின. அதில் கேம் கீழே, வால்வு மேலே. இடையில் டேப்பட், புஷ்ராடு, ராக்கர். டேப்பட் வைக்க ஹெட்டைத் தொடவே வேண்டாம். எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டர் அடியில், ஒற்றை நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதியும் தெரியும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிற்கும்படி கொண்டுவர வேண்டும். பிறகு புஷ்ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் அசையக் கூடாது. கம்பெனி சொல்லும் இடைவெளி பூஜ்யம்தான். ஓடிச் சூடேறும்போது சிலிண்டர் விரிந்து, வேண்டிய இடைவெளி தானே வந்துவிடும். அளவைச் சரிசெய்தபின் லாக் நட்டை இறுக்கும்போது அது கொஞ்சம் நகரும். ஆகவே இறுக்கியபின் மறுபடி உருட்டிப் பார்க்காத வேலை அரைவேலை. இங்கே ஃபீலர் கேஜுக்கு வேலையே இல்லை, விரல்தான் அளவுகோல்.

கம்ப்ரஷனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1860-இல் லெனுவார் செய்த வாயு எஞ்சின் கலவையை அமுக்காமலேயே எரித்தது. எரிபொருளைக் குடித்தது, வேலை கொஞ்சம்தான் செய்தது. 1876-இல் ஓட்டோ அமுக்கி எரித்துக் காட்டியபின்தான் நான்கு வீச்சு எஞ்சின் நிலைபெற்றது. அமுக்க வேண்டுமென்றால் வால்வு இருக்கையில் பதிந்து மூட வேண்டும். டேப்பட் டைட்டாக இருந்தால் புஷ்ராடு வால்வை மயிரிழை தூக்கியே வைத்திருக்கும். அந்த மயிரிழையில் அமுக்கம் கசியும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கையில் இறக்கி வைக்க முடியாமல் விளிம்பு கருகும். இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே பதிகிறது, இடைவெளி குறைகிறது, ஓசையும் குறைகிறது. வண்டி நன்றாக அமைதியாகிவிட்டது என்று ஓட்டுகிறவர் மகிழ்வார். ஓசையால் பெயர் பெற்ற பாகம் ஓசையை நிறுத்தும்போதுதான் கவலைப்பட வேண்டும். லேசான ‘டிக் டிக்’ ஓடுகிற எஞ்சினின் இயல்பு. அது கேட்கிறதே என்று டேப்பட்டை முறுக்கி அடக்குகிறவர் வால்வை எரிக்கிறார்.

இப்போது டேப்பட் என்ற பாகமே இல்லாத எஞ்சின்களிலும் அந்தப் பேச்சு தொடர்கிறது. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-இல் கேம் ஹெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. புஷ்ராடு கிடையாது, ராக்கரின் நுனியில் உள்ள திருகைத் திருப்பி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்கிறார்கள். நம்மவர்கள் அதையும் ‘டேப்பட் செட்டிங்’ என்றே சொன்னார்கள். பாகம் போனபின் அது பார்த்த வேலைக்கு, அதாவது இடைவெளிக்கு, பெயர் ஒட்டிக்கொண்டது. இதைப் பிழை என்று திருத்தத் தேவையில்லை. புழக்கம் ஒரு சொல்லுக்குப் பொருளை விரித்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் அந்த இடைவெளியும் இல்லை, ஆகவே சொல்லும் இல்லை.

உங்கள் பழைய புல்லட்டில் கிக்கரை மிதித்தால் கால் எதிர்ப்பில்லாமல் இறங்குகிறதா? டிகம்ப்ரஷன் கேபிள் இழுபட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து எஞ்சின் ஆறியபின் டேப்பட். அதற்குப் பிறகுதான் வண்டியைச் சூடேற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து முள் ஏறி நிற்கும்வரை மிதிக்க வேண்டும். குறைவாகக் காட்டினால் துளையில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி மிதியுங்கள். முள் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். சைலன்சர் வாயில் ‘உஸ்’ என்று காற்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் வந்தால் இன்லெட். இத்தனையும் முடிவதற்குள் யாராவது "ஹெட்டைக் கழற்றணும் தம்பி" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதலில் அந்த ஒற்றை நட்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்.