கொங்கு நாட்டில் கூண்டு கட்டும் தொழில்

கொங்கு நாட்டில் மாட்டு வண்டியின் மேற்கூட்டைக் கூண்டு என்பர். பேருந்தின் உடற்பகுதிக்கும் அதே பெயர்தான். ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பேருந்தை ஓட்டினார். பேருந்துகள் பெருகியபின், ஆலையிலிருந்து வரும் வெறும் அடிச்சட்டத்தின்மேல் கூண்டு கட்டுவது தனித்தொழிலாகியது. கரூர் அதன் முதன்மை மையங்களில் ஒன்று. தொடக்கக் கூண்டுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. இரும்பும் அலுமினியமும் பின்னர் வந்தன.

படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட கேரவனும் கூண்டு கட்டும் வேலையே. பேருந்து அளவுள்ள கேரவனைவிட வேன் அளவுள்ளதைக் கட்டுவது கடினம். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ எடை. பேருந்துக்கு அது பொருட்டல்ல, சிறுவண்டியில் தொட்டியை ஒரு பக்கமாக வைத்தால் வண்டியே சாயும். மெத்தையும் விளக்கும் தரத்தைக் காட்டுவதில்லை. உட்பலகைக்குப் பின்னாலுள்ள பற்றவைப்பு, துருத்தடுப்புப் பூச்சு, கூரை இணைப்பில் நீர்க்கசிவின் தடம் ஆகியவையே காட்டும். இந்தியாவில் பேருந்துக் கூண்டுக்கு ஏ.ஐ.எஸ். 052, கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரவிதிகள் உள்ளன.