அயர்லாந்துப் பஞ்சமும் ஈகையும்

மழை பொய்த்த ஆண்டில் கோவில் உண்டியலும் இளைத்துப்போகும் என்பதைப் பங்குக் கணக்கு எழுதிய எவரும் அறிவர். கையில் இருந்தால்தானே கொடுப்பார்கள் என்று நாமும் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இது முழு உண்மைதானா என்பதை அயர்லாந்து நாட்டின் பஞ்ச வரலாற்றைக் கொண்டு சற்றே நோக்குவோம்.

1845-ஆம் ஆண்டில் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அக்கிழங்கே அன்றாட உணவு. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். மேலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். கடல் கடந்து முதன்முதலில் உதவிக்கு எழுந்த நகரங்களுள் நம் கல்கத்தாவும் ஒன்று என்பது பலர் அறியாத செய்தி. அங்கே படையிலும் கம்பெனியிலும் பணிபுரிந்த அயர்லாந்துக்காரரும் பிறருமாகச் சுமார் 14,000 பவுண்டு திரட்டினர். திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் தம் சொந்தப் பணத்தை அளித்ததோடு, 1847 மார்ச் 25-ல் சுற்றுமடல் எழுதி, அயர்லாந்துக்காக மூன்று நாள் செபித்துத் தர்மம் சேர்க்கும்படி உலகக் கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார்.

இங்கிலாந்திலும் கைகள் நீளவே செய்தன. 1847 தொடக்கத்தில் விக்டோரியா அரசியாரின் விண்ணப்பக் கடிதம் ஆங்கிலிக்கன் ஆலயங்களில் வாசிக்கப்பட்டபோது சுமார் 1,70,000 பவுண்டு சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டாவது கடிதம் வந்தது. சேர்ந்ததோ சுமார் 30,000 பவுண்டுதான்!

இடையில் நடந்தது என்ன? இரயில்வே பங்குகளில் பணத்தை முடக்கியவர்கள் தவித்தனர். விலை ஏறுமென்று தானியம் வாங்கிக் குவித்த வணிகர்கள், விளைச்சல் நன்றாயிருந்து விலை சரிந்ததால் முறிந்தனர், வங்கிகள் ஆட்டங்கண்டன. ஆனால் பணமுடை மட்டுமே காரணமன்று. ‘எத்தனை முறை கொடுப்பது?’ என்ற சலிப்பும், ‘அயர்லாந்துக்காரன் சோம்பேறி, தன் கேட்டுக்குத் தானே காரணம்’ என்று சில பத்திரிகைகள் மூட்டிய வெறுப்பும் சேர்ந்துகொண்டன. கை சுருங்கும்போது வாங்குபவன்மேல் குற்றம் காண்பது எளிது. இதை நானும் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

இன்னும் கொடுமை யாதெனில், 1847 ஜூலையில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேருக்கு உணவளித்த அரசுக் கஞ்சித்தொட்டிகளும் அந்த இலையுதிர்காலத்துக்குள் மூடப்பட்டுவிட்டன. அரசு கைவிட்ட வேளையும் தர்மம் வற்றிய வேளையும் ஒன்றாயின.

அதே 1847 மார்ச்சில், அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்கள் கூடி 170 டாலர் சேர்த்து அனுப்பினர். மிசிசிப்பியிலிருந்த தங்கள் நிலத்தை விட்டு 1831 முதல் துரத்தப்பட்டு, குளிரிலும் பசியிலும் வழிநெடுக உறவினரைப் புதைத்தவர்கள் அவர்கள். அதன்பின் பதினாறு ஆண்டுகள்தாம் கழிந்திருந்தன. அவர்களிடம் மிச்சமாயிருந்தது பணமன்று, பசியின் நினைவு. இதைச் சொல்லிச் செல்வரின் கடமையைத் தள்ளுபடி செய்ய நான் விரும்பவில்லை. 170 டாலரால் முப்பது இலட்சம் வயிறு நிறையாது.

எனினும் அயர்லாந்து மக்கள் அத்தொகையை மறக்கவில்லை. 2017-ல் கார்க் மாவட்டத்து மிடில்டன் நகரில் இறகு வடிவ நினைவுச் சின்னம் திறந்துவைத்தனர். 2020-ல் கொரோனா நோயால் நவஹோ, ஹோப்பி பழங்குடியினர் வருந்தியபோது, சாக்டா மக்களின் பழைய உதவியைக் குறிப்பிட்டு ஆயிரக்கணக்கான அயர்லாந்துக்காரர்கள் பணம் அனுப்பினர்.