கழுத்து வலிக்கு ஆபரேஷன் தேவையா? யாருக்கு வேண்டாம், யார் தள்ளிப்போடக் கூடாது?

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்', 'சி5-சி6 தேய்மானம்' என்ற வார்த்தைகளைப் பார்த்ததுமே பலருக்குத் தூக்கம் போய்விடும். ஒரு டாக்டர் "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பார். இன்னொருவர் "எக்சர்சைஸ் போதும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ "முதுகெலும்புல கத்தி வச்சா அப்புறம் படுத்த படுக்கைதான்" என்று பயமுறுத்துவார்.

இதில் யார் சொல்வதைக் கேட்பது? வலி எவ்வளவு என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கடுமையான வலி இருப்பவருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். வலி பெரிதாக இல்லாத ஒருவருக்கு அது சீக்கிரமே தேவைப்படலாம். நசுங்குவது எது என்பதுதான் முக்கியம்.

கழுத்துக்குள் என்ன பிரச்னை?

கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே குஷன் போல டிஸ்க்குகள். எலும்புகளின் உள்ளே மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து பிரியும் நரம்புகள் தோளுக்கும் கைக்கும் போகின்றன. நாள்பட்ட கழுத்து வலியோடு வருபவர்களைப் பெரும்பாலும் 3 வகையாகப் பிரிக்கலாம்.

* கழுத்திலும் தோள்பட்டையிலும் மட்டும் வலி: தசை, மூட்டு, தேய்மானம் காரணமாக இருக்கலாம். நரம்பு பாதிப்பு இருக்காது.
* கழுத்திலிருந்து கை வரை இழுக்கும் வலி, மரமரப்பு: கைக்குப் போகும் நரம்பு அழுத்தப்படுகிறது.
* கை, கால் இரண்டிலும் தடுமாற்றம்: தண்டுவடமே அழுத்தப்படுகிறது.

முதல் வகைக்கு ஆபரேஷன் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. வலி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று துல்லியமாகச் சொல்வது கடினம். அதனால் ஒரு டிஸ்க்கை எடுத்த பிறகும் அதே வலி தொடர வாய்ப்பு உண்டு. உடற்பயிற்சி, பிசியோதெரபி, உட்காரும் முறையில் மாற்றம், தேவைப்பட்டால் மருந்து ஆகியவைதான் இங்கே சிகிச்சை.

ஸ்கேனில் பிரச்னை தெரிந்தால் ஆபரேஷனா?

இல்லை. ஜப்பானில் கழுத்துப் பிரச்னைக்கான அறிகுறிகள் எதுவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது. 20 வயதுகளில் இருந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு அப்படித்தான் இருந்தது.

அப்படின்னா, தலைமுடி நரைப்பதைப் போலத்தான் டிஸ்க் தேய்மானமும். ஸ்கேனில் தெரியும் இடமும், நோயாளி சொல்லும் தொந்தரவும், டாக்டர் கையைக் காலைப் பரிசோதித்துக் கண்டுபிடிப்பதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தினால்தான் ஆபரேஷன் பற்றிய பேச்சே தொடங்கும்.

கை வரை வலி இழுத்தால்?

இங்கேதான் முடிவெடுப்பது கஷ்டம். வலி தூங்கவிடாது. ஆனால் பெரும்பாலானோருக்கு சில வாரங்கள் முதல் சில மாதங்களில், ஆபரேஷன் இல்லாமலே வலி குறைந்துவிடுகிறது. பிதுங்கிய டிஸ்க் தானாகவே சுருங்குவதும் உண்டு.

சுவீடனில் நடத்தப்பட்டு 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டகாலமாக இந்த வலியால் அவதிப்பட்ட 81 பேரை ஆபரேஷன், பிசியோதெரபி, கழுத்து காலர் என 3 குழுவாகப் பிரித்தார்கள். சில மாதங்களில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்று குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, ஆபரேஷன் வேகமான நிவாரணம் தரலாம். பொறுத்திருக்க முடிந்தவர்கள் பொறுத்திருப்பதிலும் தவறில்லை.

அதனால் 6 முதல் 12 வாரங்கள் வரை மற்ற சிகிச்சைகளை ஒழுங்காகச் செய்துபார்ப்பதுதான் பொதுவான வழக்கம். அதற்குப் பிறகும் வலி வாழ்க்கையை முடக்கினால் ஆபரேஷன் நல்ல தேர்வாக இருக்கலாம். நடுவில் கையின் பலம் குறைந்துகொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

தண்டுவடம் அழுத்தப்படும்போது வலி குறைவாகவே இருக்கலாம். அதனால்தான் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியவை:

* சட்டை பட்டன், ஜாக்கெட் கொக்கி போட முடியாமல் விரல்கள் தடுமாறுவது
* கையெழுத்து மாறுவது, பொருட்கள் கை நழுவி விழுவது
* நடக்கும்போது தள்ளாடுவது, காலிலிருந்து செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது
* குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பது போல உணர்வது
* சிறுநீர், மலத்தை அடக்க முடியாமல் போவது

இவற்றில் எது இருந்தாலும் எலும்பியல் அல்லது நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரை உடனே பார்க்க வேண்டும். பாதிப்பு லேசாக இருந்தால் கண்காணிக்கலாம். நடுத்தரம், கடுமை என்றால் அறுவை சிகிச்சைதான் பரிந்துரை. இதன் முதல் நோக்கம் பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பது. நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் முழுமையாகத் தேறாமல் போகலாம். அதனால் தாமதம் இங்கே நஷ்டம்.

கழுத்து வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு இருந்தாலோ, முன்பு புற்றுநோய் வந்திருந்தாலோ, விபத்துக்குப் பிறகு வலி தொடங்கினாலோ உடனே பரிசோதனை தேவை. எலும்பு காசநோயும் இப்படி வரலாம். சலூனில் கழுத்தை நெட்டி முறிப்பது, சுளுக்கு எடுப்பது இரண்டும் இந்த நிலையில் ஆபத்தானவை.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

அதிகம் செய்யப்படுவது, கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை அகற்றி, மேலும் கீழும் உள்ள எலும்புகளை இணைக்கும் முறை. இணைத்த இடத்தில் அசைவு இருக்காது. சிலருக்கு அசையக்கூடிய செயற்கை டிஸ்க் வைக்கலாம். பல இடங்களில் தண்டுவடம் நெருக்கப்பட்டிருந்தால், பின்பக்கமாகச் சென்று இடத்தை விரிவாக்குவார்கள்.

முன்பக்க ஆபரேஷனுக்குப் பிறகு விழுங்குவதில் சிரமம், குரல் கரகரப்பு வரலாம். பெரும்பாலும் இவை நாளடைவில் சரியாகிவிடும். நோய்த்தொற்று, நரம்பு அல்லது தண்டுவடக் காயம், எலும்பு ஒட்டாமல் போவது ஆகியவை மற்ற அபாயங்கள். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் உண்டு. இணைத்த எலும்புக்குப் பக்கத்து டிஸ்க்கில் பின்னாளில் பிரச்னை வரலாம். 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 10 ஆண்டுகளுக்குள் சுமார் 4-ல் ஒருவருக்கு இப்படி நேரலாம் என்று கணக்கிட்டது. அது இணைப்பால் வருவதா, இயல்பான தேய்மானமா என்பதில் நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நசுங்குவது நரம்பா, தண்டுவடமா, இரண்டும் இல்லையா?
2. ஸ்கேனும் என் தொந்தரவும் பொருந்துகிறதா?
3. 3 மாதம் காத்திருந்தால் என்ன இழப்பு?
4. எது குறையும்? கை வலியா, கழுத்து வலியா, மரமரப்பா?
5. எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம்?

மூன்றாவது கேள்விக்கு "பெரிய இழப்பு இல்லை" என்பது பதிலானால், இன்னொரு நிபுணரிடமும் கருத்து கேட்க நேரம் இருக்கிறது. ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டையும் எடுத்துச் சென்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். "கை, கால் பலம் போய்க்கொண்டிருக்கிறது" என்பது பதிலானால், பயத்தால் நாள் கடத்துவதுதான் பெரிய ஆபத்து.